விமானம் விட்ட வக்கீல்... வினையாய்ப் போன புத்தகம்!

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் பெயரை கேள்விப்படாதவர்கள் குறைவு. உலகத்தின் பெரிய விமான கம்பெனிகளில் ஒன்று. 1953-ல் அந்த கம்பெனியின் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தவர் கார்ல்டன் புட்னம்.

ஆனால் இவர் பெயரைச் சொன்னால் அமெரிக்க வரலாற்று ஆசிரியர்களுக்கு விமானம் ஞாபகம் வருவதில்லை. 1961-ல் இவர் எழுதிய ஒரு புத்தகம்தான் ஞாபகம் வருகிறது. கறுப்பின பிள்ளைகளையும் வெள்ளைக்கார பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, அதற்கு விஞ்ஞானமே சாட்சி என்று அடித்துப் பேசிய புத்தகம் அது.

ஊருக்கு ஊர் விமானம் விட்டு ஜனங்களை இணைத்த மனுஷன், பிள்ளைகளைப் பிரித்து வைக்கச் சொல்லி ஏன் மல்லுக்கு நின்றார்? கதை கொஞ்சம் நீளம்தான்.

பணக்கார வீட்டுப் பிள்ளை:

1901-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார் புட்னம். பழம்பெரும் குடும்பம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்து நின்ற தளபதி இஸ்ரேல் புட்னம் இவருடைய பரம்பரையைச் சேர்ந்தவர்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1924-ல் பட்டம். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1932-ல் வக்கீல் பட்டமும் வாங்கினார்.

அந்த சமயம் அமெரிக்காவே திவாலாகிக் கிடந்தது. வேலைக்குப் போகக் கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. கையில் சட்டப் படிப்பு இருக்கிறவன் என்ன செய்வான்? பேசாமல் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான். புட்னமோ கலிபோர்னியாவுக்குப் போய் 1933-ல் விமான கம்பெனி ஆரம்பித்தார்!

கம்பெனிக்குப் பெயர் பசிபிக் சீபோர்டு ஏர்லைன்ஸ். ஒற்றை எஞ்சின் பெல்லாங்கா விமானங்கள். உள்ளே விரல் விட்டு எண்ணக் கூடிய அளவுக்குத்தான் ஆட்கள் உட்கார முடியும். லாஸ் ஏஞ்சல்சுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நடுவில் கடலோர ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகும்.

பயணிகளை மட்டும் நம்பி விமானம் விட்டால் அன்றைக்குக் கட்டுப்படியாகாது. அரசாங்கத்தின் தபால் காண்டிராக்ட் இருந்தால்தான் பிழைக்க முடியும். அதுவோ பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தது.

அடித்தது அதிர்ஷ்டம்:

1934 பிப்ரவரியில் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். விமான தபால் காண்டிராக்டில் பெரிய கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டதாக புகார் கிளம்பவே, எல்லா காண்டிராக்டையும் ஒரே அடியாக ரத்து செய்தார். தபாலை ராணுவ விமானங்கள் சுமக்க வேண்டும் என்று உத்தரவு.

ராணுவ பைலட்டுகளுக்கு இரவிலும் பனியிலும் தபால் ரூட்டில் பறந்து பழக்கம் கிடையாது. விமானங்கள் வரிசையாக விழுந்தன. பைலட்டுகள் செத்தார்கள். நாடு முழுக்க கூச்சல். சில மாதங்களிலேயே மறுபடியும் தனியாரிடம் டெண்டர் விட வேண்டியதாகிவிட்டது. பழைய புள்ளிகளுக்குக் கெடுபிடி. புதியவர்களுக்கு வழி திறந்தது.

புட்னம் டெண்டர் போட்டு பிடித்த ரூட், வடக்கே சிகாகோ முதல் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் வரை. சுமார் 1,450 கிலோமீட்டர். நடுவில் செயிண்ட் லூயிஸ், மெம்பிஸ், ஜாக்சன். கலிபோர்னியாவில் இருந்து மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வந்தார். கம்பெனியின் பெயரும் சிகாகோ அண்டு சதர்ன் என்று மாறியது. பின்னாளில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம் அதன் தலைமையிடம் ஆனது.

இந்த ரூட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. கீழே இதே வழியில் ஓடியது இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரெயில். தெற்கு மாநிலங்களில் பருத்திக் காட்டில் கூலிக்கு மாரடித்த கறுப்பின மக்கள், இந்த ரெயிலைப் பிடித்துத்தான் பிழைப்பு தேடி லட்சக்கணக்கில் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மேலே புட்னமின் விமானம். கீழே அந்த ஜனங்களின் ரெயில்.

விபத்தும் வளர்ச்சியும்:

ஆரம்பத்தில் சுலபமாக இல்லை. 1936 ஆகஸ்டு 5-ந் தேதி கம்பெனியின் லாக்ஹீட் எலக்ட்ரா விமானம் ஒன்று செயிண்ட் லூயிசில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நொறுங்கி விழுந்து, உள்ளே இருந்த 8 பேருமே பலியானார்கள். அதையும் தாண்டி கம்பெனி எழுந்து நின்றது.

1940-ல் டி.சி-3 விமானங்கள் வந்தன. கம்பெனி தன் விமானங்களுக்கு டிக்சி லைனர் என்று பெயர் வைத்திருந்தது. டிக்சி என்றால் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்கு உள்ள செல்லப் பெயர். நியூயார்க்கில் பிறந்தவர் தெற்கத்தி ஜனங்களிடம் டிக்கெட் விற்க வேண்டும் அல்லவா?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கியூபாவின் ஹவானா, ஜமைக்காவின் கிங்ஸ்டன், வெனிசுலாவின் கராகஸ் என்று கடல் தாண்டியும் பறந்தார்கள். போர் முடிந்த அதே 1945-ல் புட்னம் தன் விமான அனுபவங்களை வைத்து ஒரு புத்தகமும் எழுதினார். அதில் சர்ச்சை எதுவும் இல்லை.

1953 மே 1-ந் தேதி சிகாகோ அண்டு சதர்ன், டெல்டாவுடன் இணைந்தது. டெல்டாவின் கதை தனி. பருத்தியைத் தின்னும் வண்டுக்கு ஆகாயத்தில் இருந்து மருந்து தூவுகிற கம்பெனியாகத் தொடங்கியது அது! அதை வளர்த்த சி.இ.உல்மன் தலைவராகத் தொடர, புட்னம் சேர்மன் ஆனார். டெல்டாவுக்கு வெளிநாட்டு ரூட் கிடைத்ததே புட்னம் கம்பெனியின் புண்ணியத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இதோடு கதை முடிந்திருந்தால் விமான மியூசியத்தில் ஒரு போட்டோவாக நிம்மதியாக இருந்திருப்பார்.

பேனா பிடித்த கை:

புட்னமுக்கு எழுத்து மேல் ஆசை விடவில்லை. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையை 4 பாகமாக எழுதத் திட்டம் போட்டார். வருஷக்கணக்கில் பழைய கடிதங்களைக் கிளறி 1958-ல் முதல் பாகத்தைக் கொண்டு வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல புத்தகம். ரூஸ்வெல்ட் பிறந்த 1858-ல் இருந்து 1886 வரைக்கும் உள்ள கதை. 1884 பிப்ரவரி 14-ந் தேதி ஒரே நாளில் ஒரே வீட்டில் தாயையும் மனைவியையும் பறிகொடுத்த வாலிபன், டக்கோட்டா பகுதிக்குப் போய் மாடு மேய்த்து மனசைத் தேற்றிக்கொண்ட காலமும் அதில் வருகிறது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். பின்னால் ரூஸ்வெல்ட் பற்றி எழுதியவர்களும் இந்த முதல் பாகத்தைப் புரட்டாமல் எழுதவில்லை.

ஆதாரம் தேடி உண்மையை எழுதத் தெரிந்தவர் என்பதற்கு இந்த ஒரு புத்தகம் போதும். அதனால்தான் அடுத்து செய்த காரியத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு:

1954 மே 17-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு வரலாற்றுத் தீர்ப்பு அளித்தது. அரசுப் பள்ளிகளில் கறுப்பின பிள்ளைகளை நிறத்துக்காகத் தனியே பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 9 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தெற்கு மாநிலங்கள் கொந்தளித்தன. அடுத்த வருஷமே, சிகாகோவில் இருந்து அதே ரெயில் ரூட்டில் மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பின சிறுவனை வெள்ளைக்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை உள்ளூர் ஜூரி விடுதலை செய்தது.

1957-ல் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவ, மாணவிகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தையே அனுப்ப வேண்டி வந்தது. 1958-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் கண்டிப்பு காட்ட, மாநில கவர்னர் பாபஸ் அடாவடியாக நகரின் 4 உயர்நிலைப் பள்ளிகளையும் இழுத்து மூடிவிட்டார். வெள்ளை, கறுப்பு என்று பாகுபாடு இல்லாமல் 3,600-க்கும் அதிகமான பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்க நடுத்தெருவில் நின்றார்கள்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அதே அக்டோபர் மாதம்தான் புட்னம், ஜனாதிபதிக்கு ஒரு பகிரங்க கடிதம் எழுதினார். படிப்பு கெட்ட பிள்ளைகளுக்காக அல்ல. சுப்ரீம் கோர்ட்டு செய்தது தப்பு, கறுப்பின மக்கள் வெள்ளையர்களுக்குச் சமமாக வரவில்லை, அப்படி இருக்க அவர்களை ஏன் சேர்த்து வைக்கிறீர்கள் என்ற தொனியில்!

கடிதம் தெற்கத்தி பத்திரிகைகளில் வெளியாகி பரபரப்பை கிளப்பியது. படித்தவர்கள் காசு வசூல் செய்து, வடக்கே உள்ள பத்திரிகைகளில் விளம்பரமாகவே போட்டார்கள். 1959 ஜனவரியில் நியூயார்க் டைம்சிலும் வந்தது.

ஏன் இவ்வளவு மவுசு? தெற்கத்தி அரசியல்வாதி யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவன் அப்படித்தான் என்று ஒதுக்கியிருப்பார்கள். சொன்னவர் நியூயார்க்கில் பிறந்தவர், பிரின்ஸ்டன் படிப்பு, விமான கம்பெனி சேர்மன், ரூஸ்வெல்ட் வரலாற்று ஆசிரியர். கோட்டு சூட்டு போட்டவர் வாயில் வந்ததால் பழைய வெறுப்புக்கும் மரியாதை கிடைத்துவிட்டது. இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும்.

அந்தப் புத்தகம்:

1961-ல் வந்தது 'ரேஸ் அண்டு ரீசன்'. அதாவது இனமும் அறிவும். அட்டையிலேயே ஒரு யாங்கியின் பார்வை என்று போட்டுக்கொண்டார். யாங்கி என்றால் வடக்கத்திக்காரன். விற்பனை தந்திரமே அதுதான்.

புத்தகத்தின் சாரம் இதுதான். கறுப்பின மக்களின் அறிவுத் திறன் பிறப்பிலேயே குறைவு. இது விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்ஸ் போவாசும் அவருடைய சீடர்களும் உண்மையை மூடி மறைத்துவிட்டார்கள். போவாஸ் ஜெர்மனியில் பிறந்த யூதர். சிறுபான்மையில் பிறந்ததால் அப்படிப் பேசினார் என்றும் புட்னம் கோர்த்துவிட்டார். போவாஸ் 1942-லேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

புட்னம் மனித இயல் படித்தவர் இல்லை, மரபணு படித்தவரும் இல்லை. ஆனால் புத்தகத்துக்கு 4 பேராசிரியர்கள் முன்னுரையில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி காரெட். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னாள் தலைவர். இது போதாதா?

உண்மையில் புட்னம் கிளப்பிய கேள்விக்கு 1935-லேயே பதில் வந்துவிட்டது. அதே கொலம்பியாவைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் ஓட்டோ கிளைன்பர்க், தெற்கில் இருந்து நியூயார்க்குக்கு வந்த கறுப்பின பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார். நியூயார்க் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம் கூடுதலாகப் படித்தார்களோ அந்த அளவுக்கு மார்க்கும் கூடியது. குறை பிறப்பில் இல்லை, கிடைத்த பள்ளிக்கூடத்தில்தான் என்பது அப்போதே வெட்ட வெளிச்சம். ரூஸ்வெல்ட்டின் பழைய கடிதங்களைத் தேடித் தேடிப் படித்த மனுஷனுக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தெரியவில்லை!

கவர்னர் கொண்டாடிய நாள்:

தெற்கில் புத்தகம் சக்கைப்போடு போட்டது. லூசியானா மாநில கல்வி வாரியம் அதைப் படிப்பது கட்டாயம் என்று தீர்மானம் போட்டது. மிசிசிப்பி கவர்னர் ராஸ் பார்னெட் ஒரு படி மேலே போய், 1961 அக்டோபர் 26-ந் தேதியை அந்தப் புத்தகத்தின் பெயரிலேயே மாநில தினமாக அறிவித்தார். தலைநகர் ஜாக்சனில் விருந்து. புட்னம் வந்து பேசினார். அவருடைய விமானம் 1934 முதல் இறங்கிப் பறந்த ஊர் அது.

அடுத்த வருஷம் இதே பார்னெட்தான், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்க மாட்டேன் என்று வழிமறித்து நின்றார். கலவரத்தில் 2 பேர் செத்தார்கள்.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 1961 நவம்பரில் அமெரிக்க மனித இயல் சங்கம், கறுப்பின மக்கள் பிறப்பில் தாழ்ந்தவர்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 1962-ல் உடல் மனித இயல் சங்கமும் கூடி புட்னமின் புத்தகத்தைக் கண்டித்தது.

அந்தக் கூட்டத்தில்தான் வேடிக்கை. தலைமை தாங்கியவர் கார்ல்டன் கூன். பெரிய பேராசிரியர், புட்னமின் உறவினரும்கூட. புத்தகத்தை எத்தனை பேர் படித்தீர்கள் என்று கேட்டதாகவும், ஒரே ஒரு கைதான் உயர்ந்ததாகவும் கூனே பிற்பாடு எழுதியிருக்கிறார். படிக்காமலேயே கண்டிப்பதா என்று கோபித்துக்கொண்டு தலைவர் பதவியைத் தூக்கிப் போட்டார்.

நியாயமான கோபம் என்றுதான் ரொம்ப நாள் பலரும் நினைத்தார்கள். 2001-ல் வரலாற்று ஆய்வாளர் ஜான் ஜாக்சன், இரண்டு பேரின் கடிதங்களையும் தோண்டி எடுத்தபோது குட்டு உடைந்தது. வெளியே நடுநிலை பேசிய கூன், உள்ளுக்குள் புட்னமுக்குக் குறிப்பு கொடுத்து உதவி வந்தது தெரிய வந்தது.

மெம்பிஸ் ஓட்டல் வழக்கு:

புட்னமின் கம்பெனி வளர்ந்த மெம்பிஸ் விமான நிலையத்திலேயே என்ன நடந்தது தெரியுமா? ஜெசி டர்னர் என்ற கறுப்பின வங்கி அதிகாரி அங்குள்ள ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார். எல்லோரும் உட்காரும் இடத்தில் சாப்பாடு கிடையாது என்றுவிட்டார்கள். வழக்கு போட்டார். நகராட்சிக்குச் சொந்தமான இடத்தில் இந்த வேலை கூடாது என்று 1962 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

விமானம் ஓட்டுகிற வேலையிலும் இதே கதை. ராணுவத்தில் விமானம் ஓட்டிய கறுப்பின பைலட் மார்லன் கிரீன், காண்டினென்டல் ஏர்லைன்சில் 1957-ல் வேலைக்கு மனு போட்டார். நிறத்தைப் பார்த்து நிராகரித்தார்கள். 6 வருஷம் கோர்ட்டு படி ஏறி 1963-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். கையில் வேலை வந்தபோது 1965.

கோர்ட்டுக்குப் போன புத்தகம்:

புட்னமின் வாதம் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1963-ல் ஜார்ஜியா மாநிலம் சவானா நகரில், பள்ளிகளில் பாகுபாட்டை நீக்கச் சொல்லி கறுப்பின பெற்றோர் போட்ட வழக்கில் வெள்ளைக்கார பெற்றோர் நுழைந்தார்கள். புத்தகத்தில் இருந்த அதே விஷயத்தைச் சொல்ல பேராசிரியர்களை சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி பிராங்க் ஸ்கார்லெட் அதை நம்பி, கறுப்பின பெற்றோரின் வழக்கைத் தள்ளுபடி செய்தார்!

1954 தீர்ப்பையே விஞ்ஞானத்தின் பெயரால் கவிழ்ப்பதுதான் அவர்களின் கணக்கு. அது பலித்திருந்தால் தெற்கு முழுக்க இன்னும் ஒரு தலைமுறை பிள்ளைகள் ஓட்டைப் பள்ளிக்கூடத்தில், கிழிந்த பழைய புத்தகத்தில்தான் படித்திருப்பார்கள்.

பலிக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பை மாற்ற கீழ்க் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று 1964-ல் மேல் கோர்ட்டு ஸ்கார்லெட் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

புட்னம் விடவில்லை. 1967-ல் இன்னொரு புத்தகம் போட்டார். அதே பாட்டு. முதல் புத்தகம் போட்ட சத்தத்தை இது போடவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்வதைத் தடுத்த வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை சுப்ரீம் கோர்ட்டு தூக்கி எறிந்ததும் அதே 1967-ல்தான்.

1972-ல் மரபணு ஆய்வாளர் ரிச்சர்டு லெவன்டின் கணக்குப் போட்டுக் காட்டினார். மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசம் சொற்பம். 2003-ல் மனித மரபணுவை வாசிக்கும் திட்டம் நிறைவடைந்தது. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் சுமார் 99.9 சதவீதம் ஒன்றே என்பது இப்போது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இதைப் பார்க்க புட்னம் இல்லை. 1998 மார்ச் 5-ந் தேதி வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் காலமானார். வயது 96.

4 பாகமாக வர வேண்டிய ரூஸ்வெல்ட் வாழ்க்கை வரலாற்றில் முதல் பாகத்தோடு சரி. 1886-ல் ரூஸ்வெல்ட்டுக்கு இரண்டாவது கல்யாணம் நடப்பதோடு அது நிற்கிறது. அதன் பிறகு 40 வருஷம் உயிரோடு இருந்தும் அடுத்த பாகத்தை அவர் வெளியிடவே இல்லை.